கொக்கட்டூவுக்கு என்ன ஆயிற்று? அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழி

கொண்டைக் கிளியான கொக்கட்டூ நோயை மறைக்கும் பறவை. அவுஸ்திரேலியாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் நியூ கினியிலும் கூட்டமாக வாழும் இந்த இனத்தில், நலிந்து நிற்பதைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். ஆகவே உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கும் வரைக்கும் அது கொண்டையை உயர்த்தி, ஒன்றுமில்லாததுபோலவே நிற்கும். "காலையில் நன்றாகத்தான் இருந்தது, மாலையில் செத்துக் கிடந்தது" என்று கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் பறவை வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது காலையில் நன்றாக இருந்திருக்காது. பல நாட்களாக எடை இறங்கிக்கொண்டே வந்திருக்கும்.

நம் பக்கத்தில் இது இன்னும் பெரிய சிக்கல். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களுக்கு அன்றாட வேலை மாடு, ஆடு, கோழி. கிளியினப் பறவைக்கு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை வரைக்கும் போக வேண்டி வரலாம். அது பல மணி நேரப் பயணம். முற்றிய நோயோடு அவ்வளவு தூரத்தைப் பறவை தாங்காது. ஆகவே அது தானாகக் காட்டிக்கொடுக்கும் முன்னரே நாம் கண்டுபிடித்துவிட வேண்டும். கீழே உள்ள எல்லாமே அதற்காகத்தான். உயிருக்கு ஆபத்தானவற்றை முதலில் வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்: தராசு, காகிதம், இருட்டு

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். அதன்மேல் சிறிய மரத்தாங்கி ஒன்றை வைத்து, காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பாடு வைப்பதற்கு முன், பறவையை நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். சிறிய கொஃபின் கொக்கட்டூ ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். வெள்ளைக் குடைக்கொண்டைக் கொக்கட்டூ 500 முதல் 700 வரை. பெரிய மஞ்சள் கொண்டைக் கொக்கட்டூ 700க்கும் மேல். இனத்தின் சராசரியைவிட உங்கள் பறவையின் வழக்கமான எடையே முக்கியம். அதில் 10 சதவீதம் குறைந்துவிட்டால், பறவை எவ்வளவு துடிப்பாகத் தெரிந்தாலும் அது நோயாளிதான். 600 கிராம் பறவை 540ஐத் தொட்ட பிறகு வேறு அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கூண்டின் தட்டில் மணலும் மரத்தூளும் போடாமல் வெறும் காகிதத்தை விரியுங்கள். எச்சத்தைப் படிக்க வேறு வழி இல்லை.

மூன்றாவது தூக்கம். கொக்கட்டூவுக்கு 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். அதை நீட்டுவது வீட்டு மின்குமிழும் தொலைக்காட்சியும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் ஒலிபெருக்கி நள்ளிரவு தாண்டும். நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு வீடே விழித்துவிடும். அந்த நாட்களில் கூண்டைப் பின்னறைக்கு மாற்றுங்கள். அதற்கு முடியாவிட்டால் நண்பகலில் இரண்டு மணி நேரமாவது இருட்டில் ஓய்வெடுக்க விடுங்கள். கத்துவதும் கடிப்பதும் இறகு பிடுங்குவதும் தூக்கக் குறைவிலிருந்தே பலமுறை தொடங்குகின்றன.

இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கிறது

இதைவிட அவசரமான அறிகுறி இல்லை. தாங்கியில் நிற்க வலுவில்லாமல் தரைக்கு இறங்கிய கொக்கட்டூவுக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் மணித்தியாலங்கள்தான். "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது.

முதலில் சூடு கொடுங்கள். 28 முதல் 32 பாகை செல்சியஸ் வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் அறைகளே அவ்வளவு சூடாக இருக்கும். மார்கழி மழையில் இருக்காது. கூண்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடி, வெளியே அந்தப் பக்கமாக 40 வாட் பழைய இழை மின்குமிழ் ஒன்றை எரியவிடுங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும், பறவை வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். மின்வெட்டு என்றால் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் உதவும். தண்ணீரையும் சாப்பாட்டையும் தரையிலேயே, அலகுக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு அது நேரே மூச்சுக்குழலுக்குப் போகும். பனடோல், வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான அன்டிபயோட்டிக், கோழி மருந்து, மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம். பிறகு தொலைபேசியை எடுத்து மிருக வைத்தியரிடம் பறவையின் இன்றைய எடை, கடந்த வார எடை, எச்சத்தின் நிறம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பறவைகளோடு அதிகம் பழகாத வைத்தியருக்கும் இந்த விவரங்கள் பெரிய துணை.

பயணம் என்றால் சிறிய கூண்டு, மேலே துணி, உள்ளே தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு துண்டு பப்பாசியோ வெள்ளரியோ. கடைசியாகப் போட்ட எச்சம் உள்ள காகிதத்தையும் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

முதலில் உடம்பைப் பாருங்கள். இறகு உடலோடு ஒட்டியிருக்க, சிறகுகள் மட்டும் விலகி நின்றால் அது வெயில். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது தகரக் கூரையின் கீழுள்ள விறாந்தை நண்பகலில் பறவைக்கு ஆகாத இடம். நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் கால்களையும் சிறகின் உட்புறத்தையும் நனைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சிறிது நேரத்தில் வாய் மூடிவிட வேண்டும்.

இறகு உப்பியிருந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் அது வெயில் இல்லை, சுவாச நோய். ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த மாரிகாலத்தில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலையும் காற்றுப்பைகளையும் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கச்சான் கொட்டையும் சோளனும் அதற்கு வழி திறந்துவிடும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

மூன்றாவது காரணம் புகை. பறவையின் நுரையீரலில் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று ஓடுகிறது. அதனால்தான் அது உயரப் பறக்க முடிகிறது. அதனால்தான் நஞ்சும் அதை நம்மைவிட வேகமாகத் தாக்குகிறது. அடுப்பில் வெறுமனே காய்ந்துபோன ஒட்டாத் தாச்சியின் ஆவி, மனிதருக்கு மணமே தெரியாத நேரத்தில், அடுத்த அறையில் உள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொக்கட்டூ இருக்கும் வீட்டில் அந்தத் தாச்சியே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நுளம்புச்சுருள், சாம்பிராணி, நுளம்பு விரட்ட எரிக்கும் தும்பு, வாசனைத் தெளிப்பான் எல்லாம் அடுத்தபடி. டெங்கு ஒழிப்புக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் கூண்டைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய், புகை முற்றாகக் கலைந்த பிறகு திரும்புங்கள்.

நடுக்கம், தள்ளாட்டம், கால் வலுவிழப்பு

கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈயம். விறாந்தையில் காயப்போட்ட வீச்சுவலையின் ஓரத்தில் தொங்கும் ஈயக் குண்டுகள் கொக்கட்டூவின் அலகுக்கு மிகவும் பிடித்தமானவை. ஈயம் மென்மையானது, கடித்தால் நசுங்கும். ஒரு துண்டு வயிற்றில் தங்கினாலே போதும். பறவை சோர்ந்து, கக்கி, கடும்பச்சையாகக் கழிந்து, பிறகு வலிப்புக்குப் போகும். பழைய வீடுகளின் கதவு நிலையில் உரியும் வண்ணப்பூச்சிலும் ஈயம் இருக்கலாம்.

அடுத்தது நாகம், அதாவது துத்தநாக உலோகம். ஊரில் வெல்டிங் செய்து தரும் கூண்டுகளில் பெரும்பாலானவை நாகமுலாம் பூசிய வலை. பறவை கம்பியிலேயே ஏறி, கம்பியையே கடித்து நாளைக் கழிப்பதால் முலாமின் செதில் உள்ளே போகிறது. புதுக் கூண்டை வினாகிரியாலும் கம்பித் தூரிகையாலும் தேய்த்துப் பலமுறை கழுவினால் ஆபத்து குறையும், ஆனால் நீங்காது. பணம் சேர்த்து துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு செய்வதே நல்லது.

உலோக நஞ்சு என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உடலிலிருந்து உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் ஊசிமருந்து உண்டு. நேரத்தோடு கொடுத்தால் பறவை மீண்டுவரும். வலை, திறப்பு, நாணயம், தூண்டில் எதை அது கடித்திருக்கலாம் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எச்சம் மாறிவிட்டது

நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சை அல்லது மண்ணிற மலம், வெள்ளையான சிறுநீர் உப்பு, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். பப்பாசி, தர்ப்பூசணி தின்றால் நீர் கூடும். பீட்ரூட் தின்றால் சிவக்கும். மறுநாளும் அதே சாப்பாடு கொடுக்காமலே நிறம் நீடித்தால்தான் கவலை.

வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரல் நோய் அல்லது தொற்று. மலம் தார்போல் கறுத்தால் உள்ளே இரத்தக் கசிவு. விதை முழுதாகவே வெளியே வந்தால் செரிமானமே நின்றுபோகிறது என்று பொருள். எச்சமே குறைந்துவிட்டால் பறவை சாப்பிடவில்லை. உமியை உடைத்து உடைத்துச் சாப்பிடுவதுபோல் அது நடிக்கும், கிண்ணத்தில் உமி குவிந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கக்குவதையும் இங்கேயே பார்த்துவிடலாம். தலையை மேலும் கீழும் ஆட்டி, உங்கள் கைக்கோ கண்ணாடிக்கோ முன்னால் சுத்தமாகக் கக்கினால் அது துணைக்கு ஊட்டும் பாசம், நோய் இல்லை. தலையைப் பக்கவாட்டில் உதறி, முகத்து இறகெல்லாம் ஒட்டிக்கொள்ளும்படி சிதறினால் வாந்தி, வைத்தியர் தேவை.

முக்குகிறது, பின்புறத்தில் ஏதோ வெளியே தெரிகிறது

வெள்ளைக் கொக்கட்டூக்களில் வளர்ந்த பெண்ணின் கண் செம்பழுப்பாகவும் ஆணின் கண் ஏறத்தாழ கறுப்பாகவும் இருக்கும். பெண் என்றால் முட்டை அடைப்பை முதலில் நினையுங்கள். ஆண் துணை இல்லாமலே அது முட்டையிடும். கால்களை அகற்றி, அடியில் நின்று, முக்கி, மூச்சு வாங்கினால் அறையைச் சூடாகவும் ஈரப்பதத்தோடும் வைத்து உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே தள்ளப் பார்த்தால் முட்டை உள்ளேயே உடைந்து உயிர் போகும்.

முட்டை அடைப்புக்குப் பெரிய காரணம் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. அதற்கு நல்ல மருந்து நம் கரையிலேயே ஒதுங்குகிறது. கல்லடியிலும் பாசிக்குடாவிலும் கிடைக்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, நன்னீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, அவித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள்.

எச்சவாயிலிருந்து சிவந்த சதை வெளித்தள்ளினால், ஆணோ பெண்ணோ, அதைச் சுத்தமான உப்புநீரால் ஈரமாக வைத்துக்கொண்டு ஓடுங்கள். இது கொக்கட்டூக்களில் அதிகம் வருவதற்கு நாம் காட்டும் பாசமும் ஒரு காரணம். முதுகையும் வாலடியையும் சிறகின் கீழும் தடவும்போது பறவை அதைத் துணையின் அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் அந்த எழுச்சி தொடர்ந்தால் முக்கி முக்கித் தசை தளர்ந்துவிடும். கொக்கட்டூவைத் தலையிலும் கழுத்திலும் மட்டும் கோதுங்கள். அலுமாரிக்குக் கீழே, பெட்டிக்குள், கட்டில் அடியில் என்று இருட்டு மூலை தேடினால் அந்த வழிகளை அடைத்துவிடுங்கள். அது கூடு தேடுகிறது.

இறகைப் பிடுங்குகிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதைப் பற்றித்தான். அவசரப்பட்டுப் "பேன்" என்று முடிவு செய்து பூச்சிமருந்து அடிப்பவர்களும் அதிகம். தயவுசெய்து அடிக்காதீர்கள். வீட்டுக்குள் வளரும் கொக்கட்டூவில் பேன் அரிது.

முதலில் தலையைப் பாருங்கள். பறவையின் அலகு அதன் தலைக்கு எட்டாது. தலையும் கொண்டையும் முழுதாக இருந்து நெஞ்சும் சிறகும் கால்களும் மட்டும் மொட்டையானால் அது தானே பிடுங்குகிறது. தலையிலும் இறகு கொட்டினால், உடனிருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது நோய். அந்த நோய்களில் கொடியது சர்க்கோவைரஸ் உண்டாக்கும் அலகு இறகு நோய். அதற்கு முன்னறிவிப்பு ஒன்று உண்டு. சுகமான வெள்ளைக் கொக்கட்டூவின் கறுப்பு அலகு இறகுத் தூள் படிந்து சாம்பல் பூத்திருக்கும். அந்தத் தூள் நின்று அலகு கன்னங்கரேலென்று மினுங்கத் தொடங்கினால், புதிதாக முளைக்கும் இறகு சுருண்டும் இறுகியும் வந்தால், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வேறு பறவைகள் இருந்தால் உடனே பிரித்து வையுங்கள். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. மினுங்கும் அலகைப் பார்த்து "எவ்வளவு சுத்தமான பறவை" என்று மகிழ்ந்து வாங்குபவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கும்.

ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்வது இயல்பு. அப்போது வழுக்கை விழாது. உதிர்ந்த இடத்தில் புது இறகின் குருத்து தெரியும். குருத்து ஒன்று முறிந்து இரத்தம் ஓடினால் சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். நிற்காவிட்டால் வைத்தியர் அந்தக் குருத்தையே எடுத்துவிடுவார்.

நோய் இல்லை என்று உறுதியானால் அன்றாட வாழ்க்கையைப் பாருங்கள். காட்டில் இந்தப் பறவைக்கு நாளின் பெரும்பகுதி இரை தேடுவதிலும் மரத்தைக் கடித்துக் கிழிப்பதிலும் போகிறது. கூண்டில் கிண்ணம் நிறைய விதை. சாப்பிட்டு முடிக்கப் பத்து நிமிடம். மீதி நேரத்துக்கு அதன் அலகுக்கு எட்டுவது சொந்த இறகுதான். ஆகவே வேலை கொடுங்கள். தென்னை நிறைந்த நம் மாவட்டங்களில் இதற்குப் பணம் தேவையில்லை. விழுந்த குரும்பை, தேங்காய் மட்டைத் துண்டு, துளையிட்டு உள்ளே பயறு மறைத்த சிரட்டை, சாயம் போடாத பன்புல்லாலும் பனையோலையாலும் பின்னிய சிறு பெட்டி, இலையோடு வெட்டிய கொய்யாக் கொம்பு, காகிதத்தில் மடித்த ஒரு கச்சான் கொட்டை. தினமும் அதன் சாப்பாட்டில் பாதியையாவது இப்படித் தேடித் தின்னும்படி வையுங்கள். நாரை விழுங்குகிறதா, நூல் கால்விரலைச் சுற்றுகிறதா என்று மட்டும் கவனமாக இருங்கள். நைலோன் கயிறு வேண்டவே வேண்டாம்.

காலை வேளையில் மென்மையாகத் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுங்கள். மாலையில் வேண்டாம், ஈரத்தோடு தூங்கக் கூடாது. ஆறு மாதம் பிடுங்கிய பறவை ஆறு நாளில் நிறுத்தாது. வேர் சேதமடைந்த இடத்தில் இறகு திரும்பவும் முளைக்காமலே போகலாம். நெஞ்சுத் தோலையே கிழிக்கத் தொடங்கினால் அது வைத்தியரின் வேலை.

நாள் முழுவதும் கத்துகிறது

காலையிலும் மாலையிலும் கத்துவது நோயும் இல்லை, குறும்பும் இல்லை. கூட்டம் சிதறும்போதும் சேரும்போதும் அவை அப்படித்தான் ஒன்றையொன்று அழைக்கும். அந்தச் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். ஓலை வேலிக்கு இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கிய ஆரையம்பதி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் பறவை வாங்கும் முன்னரே அயலவரிடம் பேசுவது மரியாதை.

இடைப்பட்ட நேரத்தில் ஓயாமல் கத்தினால், அது கத்தும்போது வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். யாரோ "சும்மா இரு!" என்று கத்திக்கொண்டு அறைக்குள் வருவார்கள். பறவைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆள் வந்துவிட்டார், பதிலுக்குக் கத்தவும் செய்தார். நீங்கள் மறுமொழி சொல்ல விரும்பும் ஒலி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், ஒரு சீழ்க்கை அல்லது ஒரு சொல். வேறு அறைக்குப் போகும்போது அந்த ஒலியை நீங்களே எழுப்புங்கள். பறவை அதை எழுப்பினால் உடனே பதில் சொல்லுங்கள். அலறினால் முகம் கொடுக்காதீர்கள். அமைதியாக இருக்கும் நேரத்தில் தேடிப் போய்ப் பேசுங்கள். எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான்.

முதல் சில நாட்களில் அலறல் கூடும். பழைய வழி பலிக்கவில்லையே என்று அது இன்னும் வலுவாக முயன்று பார்க்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் மனம் இளகிப் போய்ப் பிஸ்கட் கொடுத்தால், "இன்னும் உரக்கக் கத்து" என்று சொல்லிக்கொடுத்தது ஆகிவிடும். அம்மம்மா முதல் பேரப்பிள்ளை வரை வீடு முழுவதும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். கூண்டைப் பகலில் துணியால் மூடித் தண்டிப்பது எனக்கு உடன்பாடில்லை. பயந்த பறவை அமைதியான பறவை ஆகாது.

கடிக்கிறது

கொண்டை நிமிர்ந்து, உடல் விறைத்து, அலகு சற்றே திறந்திருந்தால் கையை நீட்டாதீர்கள். எச்சரித்தும் கேட்காதவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடித்துவிட்டால் கத்தாமல், உதறாமல், பறவையை மெல்ல இறக்கிவைத்து விலகுங்கள். அடித்தால் நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

குஞ்சாக இருந்தபோது மடியில் தூங்கிய பறவை சில ஆண்டுகளில் திடீரெனக் கடிக்கத் தொடங்கினால் அது பருவமடைந்துவிட்டது. பாசம் குறைந்ததாக மனம் உடைய வேண்டாம். தடவலைக் குறைத்து, தூக்கத்தைக் கூட்டி, கைக்குப் பதிலாகக் கம்பில் ஏறப் பழக்குங்கள். பெரிய கொக்கட்டூவின் அலகு விரல் நரம்பை அறுக்க வல்லது. சிறுபிள்ளையின் முகத்துக்கு அருகில் அதை எந்நாளும் விடக்கூடாது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் ஆண் பெண்ணைக் கடித்தே கொன்றுவிடுவதும் இந்த இனத்தில் நடப்பதுண்டு. "துணை வாங்கிக்கொடு" என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீர்கள்.

சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொடுவதில்லை

சூரியகாந்தியிலும் கச்சானிலும் கொழுப்பு மிகுதி, விற்றமின் ஏ இல்லை எனலாம். ஆண்டுக்கணக்கில் அதையே தின்ற பறவைக்கு ஈரல் கொழுத்து, அலகு அளவுமீறி வளர்ந்து, மூக்கடைப்பும் வரும். (அளவுமீறிய அலகை நகவெட்டியால் வெட்டாதீர்கள், உள்ளே இரத்தக்குழாய் ஓடுகிறது, ஈரலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.)

ஒரே நாளில் விதையை நிறுத்துவது பட்டினி போடுவதற்குச் சமம். காலையில் பசியோடு இருக்கும்போது முளைவிட்ட பயறு, அவித்த வத்தாளைக் கிழங்கு, பூசணி, கரட், பப்பாசி, முருங்கை இலை, பொன்னாங்காணி, பச்சைச் சோளன் ஆகியவற்றில் இரண்டு மூன்றை வையுங்கள். விதை மாலையில், கொஞ்சமாக. அதன் கண் முன்னால் நீங்களும் அந்தக் காலைச் சாப்பாட்டையே ருசித்துத் தின்னுங்கள். கூட்டத்தில் மற்றவர் தின்பதைப் பார்த்தே அது பழகும். மிளகாயின் உறைப்புப் பறவைக்குத் தெரியாது, பச்சைக் கொச்சிக்காயை ஆசையோடு தின்னும். எடை இறங்காமல் பார்த்துக்கொண்டு, வாரக்கணக்கில் பொறுமையாக மாற்றுங்கள். அவகாடோ, சொக்லேட், கோப்பி, தேநீர், மதுபானம், வெங்காயம், உப்புப் போட்ட கச்சான், வேகாத அவரையினப் பருப்பு எதுவும் கூடாது.

இரவில் திடீரெனப் படபடத்து அடித்துக்கொள்கிறது

எலி, பூனை, சாரைப்பாம்பு, கோயில் வெடி, இடி, வாகன வெளிச்சம் எதுவாகவும் இருக்கலாம். விளக்கைப் போட்டு, மெல்லப் பேசி, சிறகில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி நடந்தால் மிக மங்கலான இரவு விளக்கு ஒன்று எரியட்டும். விறாந்தையில் தூங்கும் கூண்டை அறைக்குள் எடுங்கள்.

கூண்டைத் திறந்துகொண்டு வருகிறது

சாதாரணக் கொக்கியை அது பார்த்தே கற்றுக்கொள்ளும். சிட்னியில் குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கும் பழக்கம் 2018க்கு முன் மூன்று புறநகர்களில் மட்டுமே தெரியவந்திருந்தது; 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவியிருந்தது. கொக்கட்டூக்கள் ஒன்றையொன்று பார்த்துக் கற்கின்றன என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. திறப்பு போடும் பூட்டே தேவை.

பறந்து போய்விட்டால் துரத்தாதீர்கள், கல்லெறிய விடாதீர்கள். காகங்கள் கூடிக் கரையும் தென்னையைத் தேடுங்கள். வெள்ளைப் பறவையை அவை விடமாட்டா. அதன் கூண்டைத் திறந்தபடி முற்றத்தில் வைத்து, விருப்பமான சாப்பாட்டைக் காட்டி, பழகிய ஒலியால் கூப்பிடுங்கள். மேலே பறக்கத் தெரிந்ததற்குச் செங்குத்தாகக் கீழே இறங்கத் தெரியாமல் இருக்கலாம். பொழுது சாயும் முன் பசி அதை இறக்கும்.

வீட்டில் யாருக்கோ இருமல் அல்லது காய்ச்சல்

கொக்கட்டூவின் இறகுத் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பறவையைத் தினமும் நனைப்பதும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும் தூளைக் குறைக்கும். காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் சேர்ந்து வந்தால் நம் ஊரில் எல்லோரும் டெங்குப் பரிசோதனைக்கு ஓடுவார்கள், ஓட வேண்டியதுதான். கூடவே "வீட்டில் கிளியினப் பறவை இருக்கிறது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசியால் பரவும் சிட்டகோசிஸ் என்ற பற்றீரியா நோய் மனிதருக்கும் வரும். டொக்சிசைக்ளின் கொடுத்தால் குணமாகும், ஆனால் வைத்தியருக்கு அது நினைவுக்கு வர வேண்டும். எச்சக் காகிதத்தை நனைத்த பிறகே எடுங்கள். புதிதாக வாங்கிய பறவையை 45 நாட்களாவது பழைய பறவைகளிலிருந்து வேறு அறையில் வையுங்கள்.

பறவை நன்றாக இருக்கிறது, நமக்குத்தான் முடியவில்லை

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். சிக்காகோவின் புரூக்ஃபீல்ட் விலங்குக் காட்சிச்சாலையில் வாழ்ந்த குக்கி என்ற கொக்கட்டூ 2016இல் இறந்தபோது அதற்கு 83 வயது. வீடுகளிலும் நன்றாகப் பார்த்தால் 40, 50 ஆண்டுகள் வாழும். வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போகும் வீடுகளில், திருமணமாகிப் பிள்ளைகள் பிரியும் வீடுகளில், பறவை தனியாக மிஞ்சுகிறது.

வெளியே திறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். நம் காட்டில் அதற்கு இரை தேடத் தெரியாது. நோயைச் சுமந்திருந்தால் நம் ஊர்க் கிளிகளுக்கும் கொடுத்துவிடும். சந்தையில் விற்று இன்னொரு சிறிய கூண்டுக்கு அனுப்பவும் வேண்டாம். பறவை பழகிய ஒருவரைத் தேடுங்கள், சில வாரங்கள் அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பழகட்டும். கொக்கட்டூக்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருபவை. மொலுக்கன், கொஃபின் போன்ற சில இனங்கள் அதன் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் உள்ளன. ஆகவே வாங்கிய பத்திரங்களையும் கால் வளையத்தின் இலக்கத்தையும் பறவையோடு சேர்த்தே ஒப்படையுங்கள். எது கொடுத்தால் தின்னும், எந்த ஒலிக்குப் பதில் சொல்லும், எந்த இடத்தில் தொட்டால் கடிக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.